பழுதைச் சொல்லி வாங்கியவர்

ஒரு பழைய காசைக் கையில் கொடுத்தால் அதன் குறையைத்தான் அவர் முதலில் சொல்வார். ஓட்டை போட்டிருக்கிறார்கள் என்பார். ஓரம் தேய்ந்துவிட்டது, யாரோ சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள், நெருப்பில் கிடந்து எழுந்திருக்கிறது என்பார். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுவதைப் போலத் தணிந்த குரலில், உண்மையான வருத்தத்தோடு சொல்வார். கேட்கக் கேட்கக் கொடுத்தவருக்கே தன் காசின்மேல் ஒரு சலிப்பு வந்துவிடும். "சரி சார், நீங்களே பாத்துக் குடுங்க" என்று கையை விரித்துவிடுவார்கள்.

தஞ்சாவூரில் நான் நர்ஸாக இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் அவர் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தார். நான் சேர்ந்தபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். மெலிந்த உடம்பு. விரல் நுனிகளில் படம் கழுவும் மருந்துத் தண்ணீரின் பழுப்புக் கறை எப்போதும் இருக்கும். எல்லோரும் எக்ஸ்ரே சார் என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கும் பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். இங்கே எழுத மனம் வரவில்லை.

நல்ல காசு, எழுத்தும் உருவமும் துலக்கமாக இருக்கும் காசு, அவருக்கு வேண்டாம். அதற்குக் கடைக்காரர்கள் சொல்லும் விலை அவரால் முடியாது. அவர் தேடியது வேறு. பார்த்தால் எல்லாக் காசையும்போல இருக்கும். ஆனால் ஓர் எழுத்து திரும்பி விழுந்திருக்கும், அல்லது வழக்கமாக இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி இருக்காது. அப்படிப்பட்ட அபூர்வமான காசு, கூடவே பழுதாகவும் இருந்தால்தான் அவர் கைக்கு வரும். "முழுசா இருந்தா அது பணக்காரனுக்கு, சிஸ்டர். ஓட்டை விழுந்தாத்தான் நமக்கு" என்பார். அதைச் சொல்லும்போது முகம் ஒரு பையனுடையதுபோல மலரும்.

ஒருமுறை நாகூர் கந்தூரிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஏழெட்டுப் பேர் போனோம். கடைத்தெருவில் பழைய சாமான் விரித்திருந்த ஒருவரிடம் அவர் குந்தி உட்கார்ந்துவிட்டார். துருப்பிடித்த பூட்டு, உடைந்த கண்ணாடிச் சட்டம், இவற்றுக்கு நடுவே ஒரு டப்பாவில் செப்புக்காசுகள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்தவை. கிளறிக் கிளறி ஒன்றை எடுத்தார். பாதி பச்சை பிடித்து அரித்துப்போயிருந்தது.

"இது எவ்வளவு?"

கடைக்காரர் ஒரு விலை சொன்னார்.

"பாய், நீங்களே பாருங்க. இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல. இதை நான் கொண்டுபோயி என்ன பண்றது?"

"அப்ப ஏன் எடுத்தீங்க?"

"பாவமா இருந்துச்சு."

கடைக்காரர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். ஒரு டீயின் விலைக்கு அந்தக் காசு அவர் பைக்குள் போனது. பஸ் ஏறிய பிறகு அதை வெளியே எடுத்து என்னிடம் காட்டினார். கிரீடத்துக்குக் கீழே ஓர் எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பியிருந்தது. "இது மாதிரி நான் கேள்விதான் பட்டிருக்கேன்" என்றார். ஊர் வந்து சேரும்வரை காசைச் சட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு கையால் பொத்திக்கொண்டே வந்தார்.

"அவர்கிட்ட இதைச் சொல்லலையே சார்?" என்று கேட்டேன்.

"பழுதைச் சொல்லித்தானே வாங்குனேன். பொய் ஏதாச்சும் சொன்னேனா?"

உண்மைதான். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடிக்கமாட்டார். படம் சீக்கிரம் வேண்டும் என்று யாராவது நோட்டை மடித்து நீட்டினால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். டாக்டர்கள் கண்ணுக்குத் தப்பிய விரிசல்கள் அவர் கண்ணுக்குத் தப்பாது. மரத்திலிருந்து விழுந்த ஒரு பிள்ளையைச் சுளுக்கு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஈரப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்வரை ஓடிப்போய் அவர்களைத் திருப்பிக் கூட்டிவந்தவர் அவர். கழுத்தெலும்பில் மயிரிழைபோல ஒரு கோடு இருந்தது.

அந்தப் பழக்கம் காசோடு நிற்கவில்லை. நசுங்கிய குடத்தைத்தான் வாங்குவார். அச்சுப் பிசகிய காலண்டரைப் பாதி விலைக்கு வாங்கி மாட்டியிருந்தார். அவருடைய சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். அவர் மனைவிக்குக் கழுத்திலும் கைகளிலும் வெண்புள்ளிகள் இருந்தன. ஒருநாள் அவர்கள் வீட்டில் காபி ஆற்றிக்கொண்டே அந்த அம்மாள் சிரித்தபடி சொன்னார்: "என்னையும் அப்படித்தாங்க பாத்தாரு. உடம்புல வெள்ளை இருக்குன்னு அவங்க அம்மா நகை கூடுதலாக் கேட்டாங்க. எங்கப்பா ஒத்துக்கிட்டாரு. இவரு அந்த நேரம் பேசாம உக்காந்திருந்தாரு." அவர் தலையைக் குனிந்து, காசு பார்க்கும் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, சிரிப்பு அப்படியே முகத்தில் நிற்க, உள்ளே போய்விட்டார்.

அந்த வருஷங்களில் தை மாதம் வந்தாலே எங்கள் வார்டு நிரம்பிவிடும். ஆட்சி மாறியிருந்தது. உழுபவனுக்கு உரிமை, குத்தகைப் பதிவு, உச்சவரம்பு என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். சுவரில் எழுதியது வயலுக்கு வந்து சேர்வதற்குள் பல இடங்களில் மண்டை உடைந்தது. கூலி உயர்வு கேட்டால் மிராசுதார் வெளியாட்களை அறுப்புக்கு இறக்குவார். உள்ளூர் ஆட்கள் வரப்பில் நின்று மறிப்பார்கள். மத்தியானத்துக்குள் மாட்டுவண்டியிலும் லாரியிலும் ஆட்களைப் போட்டுக்கொண்டு எங்களிடம் வருவார்கள். சட்டையிலெல்லாம் வைக்கோல் ஒட்டியிருக்கும். அத்தனை பேருடைய எலும்பையும் முதலில் பார்ப்பவர் எக்ஸ்ரே சார்தான்.

அப்படி ஒரு தையில் வந்தவள்தான் அஞ்சம்மாள். மன்னார்குடிக்குத் தெற்கே ஓர் ஊர். அவள் புருஷன் ஒன்றரை வேலி, பத்து ஏக்கர் நிலம், குத்தகைக்குப் பார்த்தவர். குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயரை ஏற்றக்கூடாது என்பதற்காக, அவர் விளைவித்த நெல்லை மிராசுதார் ஆள் வைத்து அறுக்க வந்திருக்கிறார். நெல் ஏற்றிய டிராக்டருக்குக் குறுக்கே இவர் போய்ப் படுத்துவிட்டார். நிறுத்துவார்கள் என்று நினைத்திருக்கிறார். டிரெய்லரின் சக்கரம் இடது முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கிவிட்டது.

எலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கி வெளியே தெரிந்தது. பெரிய டாக்டர் அஞ்சம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

"இங்க என்னால ஆனதைப் பண்ணிட்டேம்மா. மெட்ராஸுக்குக் கொண்டுபோனா காலைக் காப்பாத்தலாம். பஸ்ஸுல போகக் கூடாது. கார் வெச்சு, படுக்கவெச்சே கொண்டுபோகணும். அங்க தங்கணும், மருந்து வெளிய வாங்க வேண்டியிருக்கும். சீக்கிரம் பாருங்க."

அவள் தலையை ஆட்டினாள். அன்று மத்தியானமே எக்ஸ்ரே அறை வாசலில் அவள் நிற்பதைப் பார்த்தேன். அவர் பழைய காசு வாங்குவார் என்று வார்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவள் தாலிக்கயிற்றில் இரண்டு குண்டுமணிகளுக்கு நடுவே ஒரு சின்னத் தங்கக் காசு கோத்திருந்தது. மாமியார் வழியாக வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, கயிற்றைக் கழற்றாமலேயே முடிச்சைப் பல்லால் நெகிழ்த்தி, காசை மட்டும் உருவி அவரிடம் கொடுத்தாள்.

அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஓட்டை போட்டிருக்காங்களேம்மா."

"கோக்கத்தானே சாமி போடுவாங்க."

"ஓரம் வேற தேஞ்சிருக்கு. காசா இதுக்கு மதிப்பில்ல. பொன் எடைக்கு என்னவோ அது போகும். நீங்க ஆசாரி கடையிலயும் கேட்டுட்டு வாங்க. நான் அதைவிடக் கொஞ்சம் சேத்தே குடுக்குறேன்."

அவள் ஆசாரி கடைக்குப் போய்க் கேட்டுவிட்டும் வந்தாள். அவர் சொன்னபடி கொஞ்சம் சேர்த்தே கொடுத்தார். அவள் கும்பிட்டாள்.

சாயங்காலம் ட்யூட்டி முடிந்து நான் கிளம்பும்போது அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். படம் பார்க்கும் விளக்குப் பெட்டியின்மேல் அந்தக் காசு இருந்தது. ஒரு பக்கம் சாமி உருவம். மறுபக்கம் கடுகு தூவியதுபோலப் புள்ளிகள். லென்ஸை என் கையில் கொடுத்தார்.

"புள்ளிக்கு நடுவுல பாருங்க. என்ன தெரியுது?"

"பிறை மாதிரி..."

"பிறையேதான்! நாகப்பட்டினத்துல டச்சுக்காரன் அடிச்ச வராகன் இது. பிறை போட்டு ரொம்பக் கொஞ்சநாள்தான் அடிச்சான். நல்லதா இருந்தா விலையே சொல்ல முடியாது. ஓட்டையோட இருந்தாலும் பொன் விலையைப் போலப் பத்து மடங்குக்குக் குறையாது, சிஸ்டர்."

நான் காசையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வார்டில், முப்பதடி தூரத்தில், அதே பெண் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"அந்தம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"பழுதைச் சொன்னேன். ஆசாரிகிட்ட கேக்கவும் சொன்னேன்" என்றார். கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

நான் மேலே பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். என் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து பார்த்துப் போனவர் அவர். அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். தன் காசுகளை அவர் அந்த ஆஸ்பத்திரியில் என் ஒருத்தியிடம்தான் காட்டுவார். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. வார்டு வழியாகத்தான் வெளியே போனேன். அஞ்சம்மாள் என்னைப் பார்த்து, "போயிட்டு வாங்க நர்சம்மா" என்றாள்.

காசு விற்ற பணம் காருக்குப் போதவில்லை. அவள் அதை வெளியே எழுதிக் கொடுத்த ஊசிமருந்துக்குச் செலவழித்தாள். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே ஓடியது. புண்ணிலிருந்து நாற்றம் வர ஆரம்பித்தது. மறுபடி படம் எடுக்கச் சொன்னார்கள்.

அந்தப் படத்தை அவரே வார்டுக்கு எடுத்துவந்தார். காய வைக்கக்கூட இல்லை. கிளிப்பில் தொங்கிய படத்திலிருந்து மருந்துத் தண்ணீர் அவர் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எலும்பு அரிச்சிருச்சு, சிஸ்டர். பூச்சி தின்ன மாதிரி இருக்கு. இவரை இன்னும் ஏன் மெட்ராஸுக்குக் கொண்டுபோகலை?"

"பணம் இல்லை சார்."

"காசு வித்தாங்களே."

"அது ஊசிக்கே சரியாப் போச்சு."

அவர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு படத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், லீவுகூட எழுதிக் கொடுக்காமல் கிளம்பிவிட்டார். மெட்ராஸுக்குப் போயிருக்கிறார் என்று அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

அங்கே நடந்ததை அவர் பின்னால் ஒரே ஒருமுறை சொன்னார். காசு வியாபாரி ஒருவர், ஓட்டையைப் பற்றியும் தேய்ந்த ஓரத்தைப் பற்றியும் அரைமணி நேரம் வருத்தமாகப் பேசினாராம். "ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல, சிஸ்டர். எல்லாம் நான் பேசுற பேச்சு." இரண்டு நாள் அலைந்து நான்கு கடை ஏறி இறங்கி, கடைசியில் அவர் நினைத்த விலைக்கே விற்றுவிட்டார்.

அவர் திரும்பி வந்தது நான்காம் நாள் மத்தியானம். அதற்கு முந்தின நாள் காலை, விஷம் மேலே ஏறுகிறது என்று சொல்லி, முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டை அழுக்காக இருந்தது. கட்டிலைப் பார்த்தார். போர்வை ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தட்டையாகவும் கிடந்தது. அஞ்சம்மாளின் புருஷன் மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே சார் தரையில் அஞ்சம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு துணிப்பையை அவள் முன்னால் வைத்தார்.

"என்ன சாமி இது?"

"உங்க காசு இவ்வளவு பெறும்மா. மெட்ராஸ்ல வித்துக் கொண்டாந்தேன். எல்லாம் உங்களுதுதான்."

அவள் பையைத் திறந்து உள்ளே பார்த்தாள். நோட்டுக் கட்டுகளைப் பார்த்ததும் பயந்து பையின் வாயை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"இவ்ளோ பெறும்னு எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

வேறு யாராக இருந்தாலும், மெட்ராஸ் போனபிறகுதான் தெரிந்தது என்று சொல்லியிருப்பார்கள். அவரால் அது முடியவில்லை.

"அன்னிக்கே தெரியும்மா."

"அன்னிக்கேவா?"

"கையில வாங்கினப்பவே."

அவள் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, மருந்துத் தட்டோடு நின்றிருந்த என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் தெரியுமா நர்சம்மா? நீங்க இவரோட பேசிக்கிட்டிருப்பீங்களே."

பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாதும்மா" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை. பிறகு அவள் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் அதை யாருக்குமே காட்டலை."

என் காதுபட அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அஞ்சம்மாள் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். "கால் போயிருச்சே சாமி" என்று மட்டும் சொன்னாள். அவர் எழுந்து போகும்போது கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த அறுப்புக்குள் அஞ்சம்மாளும் புருஷனும் குத்தகையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று அந்த ஊரிலிருந்து வந்த ஒரு நோயாளி சொன்னார். ஒற்றைக்காலோடு வரப்பில் நிற்க முடியாத ஆளைப் பார்த்து, இனி உன்னால் என்ன ஆகும் என்று மிராசுதாரின் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். வழக்கு நடத்த அவரிடம் தெம்பு இல்லை. பணம் கொஞ்ச காலத்துக்குச் சோறு போட்டது.

எக்ஸ்ரே சார் அதற்குப்பின் காசு வாங்கவில்லை. அவரிடம் ஒரு பழைய நோட்டு இருந்தது. எந்தக் காசை எந்த ஊரில் யாரிடம் வாங்கினார் என்று ஒவ்வொன்றையும் அதில் எழுதி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். திருப்பிக் கொடுக்கத்தான். பெரும்பாலோர் கிடைக்கவில்லை. பிழைப்புத் தேடிப் போனவர்கள், செத்தவர்கள். ஓர் ஊரில் அவரைப் போலீஸ் ஆள் என்று நினைத்து, நாங்கள் எதையும் விற்கவே இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். அதிராம்பட்டினத்தில் ஒரு வியாபாரி அவரை உட்காரவைத்து ஷர்பத் கொடுத்து, "வித்தது வித்ததுதான் தம்பி. உங்களுக்கு உடம்புக்கு எதுவும் பண்ணுதா?" என்று கேட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிக்க முயன்றார்.

ஆஸ்பத்திரியில் எங்கள் பேச்சு குறைந்துபோனது. அவர் என்னைத் தவிர்க்கவில்லை. நான்தான் தவிர்த்தேன். எக்ஸ்ரே அறைக்குப் போகவேண்டியிருந்தால் ஆயாவை அனுப்புவேன். ஒருநாள் தாழ்வாரத்தில் நேருக்கு நேர் பார்த்துவிட்டோம். நான் அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "நீங்க சின்ன வயசு. இங்க இன்னும் ரொம்ப வருஷம் வேலை பாக்கணும். விடுங்க" என்றார்.

ரிட்டையராக இரண்டு வருஷம் இருக்கும்போது அவர் இறந்துபோனார். மாரடைப்பு. துக்கம் கேட்கப் போயிருந்தேன். காசுகள் இருந்த மர அலமாரி திறந்து காலியாகக் கிடந்தது.

"பாத்திரக்காரன் வந்தான். செம்பு என்ன விலைன்னு கேட்டு எடைக்குப் போட்டுட்டேன்" என்றார் அவர் மனைவி. "நாலு கிலோ நின்னுச்சு. பதிலுக்கு ஒரு அண்டா வாங்கினேன். நல்ல அண்டா. ஒரு நசுங்கல் இல்ல."

அந்த அண்டா அடுக்களையில் பளபளவென்று இருந்தது. அந்த அம்மாள் முகத்தில் இருந்தது கோபமா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காசுகளில் என்னவெல்லாம் இருந்தன என்று அந்த வீட்டில் அறிந்தவர் யாரும் இல்லை. எனக்கும் ஒன்றிரண்டுதான் தெரியும்.

அதற்கும் சில வருஷம் கழித்து, நான் பிரசவ வார்டில் இருந்தபோது, மகளின் பேறுகாலத்துக்கு அஞ்சம்மாள் வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. புருஷன் போன வருஷம் போய்விட்டதாகச் சொன்னாள். இப்போது கூலிக்கு நாற்று நடப் போகிறாளாம். அவர்கள் பார்த்த அதே நிலத்தில்தான்.

மகளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. வீட்டுக்குப் போகிற அன்று என்னைத் தேடி வந்து, முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அவளே இடித்த அவல். மடியின் சூடு இன்னும் அதில் இருந்தது.

"எனக்கு எதுக்கும்மா?" என்றேன்.

"அன்னிக்கு அந்த வார்டுல எங்களுக்குன்னு இருந்தது நீங்க ஒருத்திதான் நர்சம்மா. அந்தப் படம் புடிக்கிறவன் தெரிஞ்சே ஏமாத்தினான். அவன் நல்லா இருக்கமாட்டான்."

"அவர் செத்துட்டார்" என்றேன்.

"சாகட்டும்" என்றாள்.

வெளியே மகள் குழந்தையோடு நின்று கூப்பிட்டாள். உண்மையைச் சொல்வதாக இருந்தால் எனக்கு அந்த நேரம் போதும். நாலு வார்த்தைதான். அவள் பொட்டலத்தை என் கையில் வைத்து விரல்களை மூடினாள். அவள் உள்ளங்கை நாற்றுக்காரியின் உள்ளங்கை, வெடித்து வெடித்துச் சொரசொரப்பாக இருந்தது.

நான் வாங்கிக்கொண்டேன்.